ஒரே வீட்டை நாற்பது ஆண்டுகள் எழுதியவர்

கேள்வி இதுதான்: ஜான் மெக்காஹெர்ன் என்ற ஐரிஷ் நாவலாசிரியரின் புத்தகம் அவருடைய சொந்த நாட்டிலேயே தடைசெய்யப்பட்டது, அதனால் அவருக்கு ஆசிரியர் வேலையும் போனது என்று படித்தேன். அவர் யார், அந்தத் தடையைத் தாண்டி அவரிடம் என்ன இருக்கிறது, எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

மெக்காஹெர்னைப் பற்றி எங்கே தேடினாலும் முதலில் வந்து நிற்பது அந்தத் தடைதான். அதனால் கேள்வி அங்கிருந்து தொடங்குவதில் வியப்பில்லை. என் பதில் மட்டும் சற்றே வேறு இடத்திலிருந்து தொடங்கும். அவர் வாழ்க்கையில் 1965இல் நடந்த தடையைவிட 1944இல் நடந்த ஒரு சாவுதான் பெரியது. அவர் எழுதிய ஆறு நாவல்களும், பெரும்பாலான சிறுகதைகளும், கடைசியில் எழுதிய தன்வரலாறும் அந்த ஆண்டைச் சுற்றியே வருகின்றன. ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு காவல் நிலையம், சில வயல்கள், ஓர் ஏரி. இவ்வளவுதான் அவருடைய உலகம். இவ்வளவு குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் எப்படி எழுத முடிந்தது என்பதுதான் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி.

அவர் பிறந்தது 1934 நவம்பர் 12, டப்ளினில். வளர்ந்தது லீட்ரிம் மாவட்டத்தில். அயர்லாந்துக் குடியரசிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் அது. களிமண்ணின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மண், சின்னச் சின்ன வயல்கள், வேலியோரப் புதர்கள், எங்கு பார்த்தாலும் ஏரிகள். தாய் சூசன் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தந்தை பிரான்சிஸ் காவல்துறை சார்ஜென்ட். ஏழு குழந்தைகளில் ஜான் மூத்தவர். குழந்தைகள் தாயோடு ஆகவில்லன் என்ற ஊர்ப்பக்கம் இருந்தார்கள். தந்தையோ இருபது மைலுக்கு அப்பால், ராஸ்காமன் மாவட்டத்தின் கூட்ஹால் காவல் நிலையத்திலேயே தங்கியிருந்தார். விடுமுறை கிடைத்தால் வருவார், அதட்டுவார், அடிப்பார், போய்விடுவார். பள்ளிக்குப் போகும் பாதையில் தாயின் கையைப் பிடித்து நடந்ததும், வழியோரப் பூக்களுக்கு அவர் பெயர் சொல்லிக் கொடுத்ததும்தான் ஜானுக்குச் சொர்க்கம். மகன் பெரியவனாகிப் பாதிரியாராக வேண்டும், தனக்காகத் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்பது தாயின் ஆசை. மகனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

1944இல் தாய் புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருந்தபோது, தந்தை ஒரு லாரியை அனுப்பினார். தட்டுமுட்டுச் சாமான்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கூட்ஹாலுக்கு வரவேண்டும் என்பது உத்தரவு. மாடியில் தாய் சாகக் கிடக்கிறார். மற்ற அறைகளில் இரும்புக் கட்டில்களைப் பிரிக்கிறார்கள். துருப்பிடித்த மூட்டுகள் அசையவில்லை. சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடியும் மாடியில் கேட்டிருக்கும். பையன் ஓடிப்போய்த் தாயிடம் விடைபெறுகிறான். லாரி புறப்படுகிறது. அதன் பிறகு அவன் தாயைப் பார்க்கவில்லை.

சாவுக்கும் குழந்தைகளை அழைத்துப் போகவில்லை. ஒன்பது வயதுப் பையன் காவல் நிலையத் தோட்டத்தின் செடிகளுக்கிடையே ஒளிந்துகொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இருக்கிறான். இப்போது திருப்பலி தொடங்கியிருக்கும், இப்போது பெட்டியைத் தூக்குவார்கள், இப்போது மண் போடுவார்கள் என்று நேரத்தைக் கொண்டே அந்தச் சவ அடக்கத்தில் கலந்துகொள்கிறான். மெக்காஹெர்னின் மொத்த எழுத்துக்கும் இந்தப் பையனை விதை என்பேன். நடக்கவேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சடங்கின் வரிசையும் உங்களுக்கு மனப்பாடம். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு துக்கத்தைத் தாங்குகிறீர்கள்.

மிச்சச் சிறுவயது முழுக்கத் தந்தையின் ஆட்சி. அடி, கஞ்சத்தனம், திடீர்ச் சிரிப்பு, மாலையானால் எல்லோரும் முழந்தாளிட்டு ஜெபமாலை. இதற்கு நடுவே ஒரு தப்பிக்கும் வழி கிடைத்தது. பக்கத்தில் மொரோனி என்ற புராட்டஸ்டண்ட் குடும்பம் இருந்தது. அப்பாவும் மகனும் மட்டும் வாழ்ந்த பெரிய, பாழடைந்துகொண்டிருந்த வீடு, அதற்குள் அருமையான நூலகம். பையனை அங்கே எதை வேண்டுமானாலும் எடுத்துப் போக விட்டார்கள். பெரியவர் தேனீ வளர்ப்பவர். நீண்ட வெள்ளைத் தாடியில் எப்போதும் ரொட்டியும் ஜாமும் ஒட்டியிருக்கும். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தாடிக்குள்ளிருந்து ரீங்காரம் கேட்டது. அவர் பேச்சை நிறுத்தாமல் உள்ளே விரலை விட்டு, தேனீக்களை எடுத்து வெளியே விட்டார். மெக்காஹெர்ன் இதை எழுதும்போது அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்திருக்க வேண்டும். பையன் பை நிறையப் புத்தகம் கொண்டுபோய் வீட்டில் படிப்பான். ஒருமுறை அவன் மூழ்கிப் படித்துக்கொண்டிருந்தபோது தங்கைகள் ஒரு காலணியைக் கழற்றி, தலையில் வைக்கோல் தொப்பியையும் மாட்டிவிட்டார்கள். அப்போதும் அவனுக்குத் தெரியவில்லை.

பாதிரியாராகவில்லை. டப்ளினின் ட்ரம்கோண்ட்ராவில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, கிளான்டார்ஃப் பகுதிப் பள்ளியில் ஆசிரியரானார். பகலில் பள்ளி, மற்ற நேரம் எழுத்து. முதலில் எழுதிய நாவலை அவரே வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். அதன் ஒரு பகுதி 1961இல் லண்டனின் 'எக்ஸ்' என்ற சிறுபத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்து ஃபேபர் பதிப்பகத்தின் சார்லஸ் மான்டீத் கடிதம் எழுதினார். மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய, ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங்கின் முதல் நாவலைப் பொறுக்கி எடுத்த அதே பதிப்பாசிரியர். 1963இல் 'தி பாரக்ஸ்' வந்தது.

அந்த நாவலில் அவர் செய்த காரியத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 28 வயது இளைஞர், தன் கதையைச் சொல்ல எல்லா உரிமையும் இருந்தும், சிறுவனின் கண்ணால் எழுதவில்லை. காவல் நிலையச் சார்ஜென்டின் இரண்டாம் மனைவி எலிசபெத்தின் மனத்துக்குள் போகிறார். லண்டனில் செவிலியராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இன்னொருத்தியின் பிள்ளைகளுக்குத் தாயாகி, மார்பில் கட்டியைத் தொட்டுப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருக்கும் பெண். மாடியில் படுத்திருந்த தாய்க்கு என்ன தோன்றியிருக்கும் என்ற கேள்விக்கு, மகன் இப்படிச் சுற்றி வந்து பதில் தேடுகிறான். விளக்கேற்றும் நேரமாகிவிட்டதா என்று குழந்தைகள் கேட்பதோடு நாவல் தொடங்குகிறது. எலிசபெத் போன பிறகும் விளக்கு ஏற்றவேண்டிய நேரம் வருகிறது. ஊரார் பாராட்டினார்கள், விருதுகள் வந்தன. எழுத்தாளர்களுக்கான மெக்காலே நல்கை கிடைத்தது, அதை வைத்து ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு வெளிநாடு போனார்.

இப்போது தடைக்கு வருவோம். 1965இல் வந்த இரண்டாவது நாவல் 'தி டார்க்'. முதல் பக்கத்திலேயே ஒரு தந்தை மகனை ஆடை களையச் சொல்லி, நாற்காலியில் குனியவைத்து, தோல்வாரை ஓங்குகிறார். வார் நாற்காலியின் கையில்தான் விழுகிறது; பையனுக்கோ பயத்தில் சிறுநீர் போய்விடுகிறது. மனைவியை இழந்த தந்தை மகனோடு ஒரே படுக்கையில் தூங்குவதும், அங்கே நடப்பதும், பையனின் சுய இன்பமும் குற்றவுணர்வும், உறவுக்காரப் பாதிரியாரின் வீட்டில் நேரும் சங்கடமும் எல்லாம் பூச்சில்லாமல் இருக்கின்றன. 1929ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டத்தால் உருவான தணிக்கை வாரியம் நாவலை ஆபாசம் என்று முத்திரை குத்தித் தடைசெய்தது. அந்த வாரியத்துக்கு இது வழக்கமான வேலை. ஐந்தாண்டுகளுக்கு முன் ஐரிஷ் எழுத்தாளர் எட்னா ஓபிரையனின் முதல் நாவலுக்கும் இதே கதிதான். நல்ல எழுத்தாளருக்கு அந்தக் காலத்து அயர்லாந்தில் தடை வாங்குவது கிட்டத்தட்ட ஒரு தகுதிச் சான்றிதழ்.

வேலை போனது வேறு வழியில். அன்றைய அயர்லாந்தின் தொடக்கப்பள்ளிகளில் சம்பளம் கொடுத்தது அரசு. ஆனால் பள்ளியின் மேலாளராக இருந்தவர் அந்த ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார். ஆகவே ஆசிரியரை வைப்பதும் நீக்குவதும் திருச்சபையின் கையில் இருந்தது. விடுப்பு முடிந்து மெக்காஹெர்ன் பள்ளிக்கு வந்தபோது வகுப்புக்குள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் இருந்தவர் டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மக்குவேட். போதாததற்கு, அந்த ஆண்டு மெக்காஹெர்ன் ஃபின்லாந்து நாடக இயக்குநர் அன்னிக்கி லாக்சியை ஹெல்சிங்கியில் பதிவுத் திருமணம் செய்திருந்தார். தேவாலயத் திருமணம் இல்லை, பெண்ணும் வெளிநாட்டவர். ஆசிரியர் சங்கத்தில் உதவி கேட்டுப் போனபோது, வெறும் புத்தகம் என்றால்கூட ஏதாவது பார்த்திருக்கலாம், ஊரில் இத்தனை பெண்கள் மாப்பிள்ளை கிடைக்காமல் இருக்கும்போது வெளிநாட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீரே என்கிற அர்த்தத்தில் பதில் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவர் எழுதியதிலேயே மிகச் சிரிப்பான பக்கங்கள் இவை.

ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட், மெக்காஹெர்னுக்குச் சம்மதம் என்றால் எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்திடத் தயார் என்றார். மெக்காஹெர்ன் வேண்டாம் என்றுவிட்டார். தடையை எதிர்த்து ஊர்வலம் போனால் அதற்கு இல்லாத மரியாதையைக் கொடுத்ததாகிவிடும் என்பது அவர் நிலைப்பாடு. தன் புத்தகத்தை நினைத்து வெட்கப்படவில்லை, விடுதலை பெற்ற சொந்த நாடு இப்படிக் கோமாளித்தனம் செய்வதை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன் என்று பின்னாளில் சொன்னார். 1967இல் சட்டம் திருத்தப்பட்டு, தடையின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு என்று வரம்பு வந்தது. ஆயிரக்கணக்கான புத்தகங்கள் ஒரே மூச்சில் விடுதலையாயின. தடைக் கதை இவ்வளவுதான்.

அதன் பிறகு சில ஆண்டுகள் அலைச்சல். லண்டனில் கட்டட வேலை, தற்காலிக ஆசிரியர் பணி, ஸ்பெயின், அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியர். முதல் திருமணம் முறிந்தது. 1973இல் அமெரிக்கரான மேட்லின் கிரீனை மணந்தார். 1974இல் 'தி லீவ்டேக்கிங்'. வேலைநீக்கத்துக்காகக் காத்திருக்கும் ஓர் ஆசிரியரின் கடைசிப் பள்ளி நாள். அதன் முதல் பாதியில் லாரியும் கட்டில்களும் சுத்தியலும் வருகின்றன, வாசிக்க வாசிக்க மனம் கனக்கும். இரண்டாம் பாதியில் காதல் கதை. அது சப்பென்று இருக்கிறது. ஆசிரியருக்கும் அது தெரிந்திருந்தது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு நடந்த சமயத்தில் குறைகள் கண்ணில் பட, இரண்டாம் பாதியைத் திருத்தி எழுதி 1984இல் மறுபதிப்பாக வெளியிட்டார். வெளிவந்து பத்தாண்டு ஆன நாவலை மீண்டும் பட்டறைக்குக் கொண்டுபோக எத்தனை பேருக்கு மனம் வரும்? 'தி பார்னோகிராஃபர்' 1979. பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். அதில் உயிரோடு இருப்பது மருத்துவமனையில் சாகக் கிடக்கும் அத்தைக்கு மருமகன் பிராந்தி கொண்டுபோகும் பகுதிகள். 1991இல் ஒரு நாடகமும் எழுதினார். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள், விட்டுவிடலாம்.

அலைச்சல் முடிந்தது லீட்ரிமில்தான். எழுபதுகளின் நடுவில் ஃபாக்ஸ்ஃபீல்ட் என்ற இடத்தில், ஏரிக்கரையில் சிறு பண்ணை வாங்கி மேட்லினோடு குடியேறினார். தாயோடு நடந்த பாதைகளுக்குச் சற்றுத் தொலைவுதான். மாடு வளர்த்தார், புல் அறுத்தார், சந்தைக்குப் போனார், காலையில் எழுதினார். எழுதியதைவிட வெட்டி எறிந்தது அதிகம்.

சிறுகதைகளை நாவல்களுக்குச் சமமாக வைப்பேன், சிலவற்றை மேலேகூட. 'கொரியா' கதையில் ஆற்றில் விலாங்கு பிடித்துப் பிழைக்கும் தந்தை, மகனை அமெரிக்காவுக்குப் போகச் சொல்லி வற்புறுத்துகிறார். ஏன் இந்த அக்கறை என்று மகனுக்குப் புரியவில்லை. அமெரிக்கா போன பையன்களைப் பட்டாளத்தில் சேர்க்கிறார்கள், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வருகிறது, போரில் செத்தால் பெருந்தொகை கிடைக்கிறது என்று தந்தை யாரிடமோ பேசுவதைத் தற்செயலாகக் கேட்கிறான். அதற்குப் பிறகும் இருவரும் ஒரே படகில் போகவேண்டும். 'கோல்ட் வாட்ச்' கதையில் தந்தையின் பழைய தங்கக் கடிகாரத்தை மகன் வாங்கிக்கொண்டு, பழுதுபார்த்துக் கட்டிக்கொள்கிறான். பதிலுக்கு அதிர்ச்சியும் தண்ணீரும் தாங்கும் புதுக் கடிகாரம் ஒன்றைத் தந்தைக்குக் கொடுக்கிறான். தந்தை அதைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே முரட்டு வேலைகளைச் செய்கிறார். கடிகாரம் சாகவில்லை. கடைசியில் உருளைக்கிழங்குக்குத் தெளிக்கும் மருந்துப் பீப்பாய்க்குள் கயிறு கட்டி அதை ஊறப்போடுகிறார். இரவில் மகன் பீப்பாய்க்குள் கைவிட்டுப் பார்க்கிறான். திட்டு இல்லை, சண்டை இல்லை. வெறுப்பு என்றால் என்ன என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

1990இல் 'அமங்ஸ்ட் விமென்'. புக்கர் பரிசின் இறுதிப்பட்டியல் வரை போனது. பரிசு அந்த ஆண்டு ஏ.எஸ். பயட்டுக்குப் போனது. நாவலின் மையத்தில் இருக்கும் தந்தை மொரன் ஒரு காலத்தில் ஆங்கிலேயருக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்திய கெரில்லாத் தலைவர். நாடு விடுதலையான பிறகு அதில் அவருக்கு இடமில்லை. யாருக்காகப் போராடினோம், நம் ஆட்கள் நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் மிச்சம், என் பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கிலாந்தில் பிழைக்கிறார்கள் என்று புலம்புபவர். வெளியே இழந்த அதிகாரத்தை வீட்டுக்குள் செலுத்துகிறார். ஒவ்வொரு மாலையும் தரையில் செய்தித்தாளை விரித்து, நாற்காலியில் முழங்கை ஊன்றி, குடும்பமே ஜெபமாலை சொல்லவேண்டும். நாவலின் தலைப்பும் 'பெண்களுக்குள்' ஆசீர்வதிக்கப்பட்டவரைப் போற்றும் அந்த மரியாள் ஜெபத்திலிருந்து எடுத்ததுதான். மூத்த மகன் லூக் வீட்டை விட்டுப் போனவன் போனவன்தான், அவன் பெயரைச் சொன்னாலே வீடு உறைந்துவிடும். மகள்களோ லண்டனிலிருந்தும் டப்ளினிலிருந்தும் ஓடோடி வருகிறார்கள். அவரிடம் திட்டு வாங்குவதற்குக்கூட அந்த வீடு தேவைப்படுகிறது. உடல் தளரத் தளர மொரன் தன் மகள்களைக் கண்டு பயப்படத் தொடங்கினார் என்பதுதான் முதல் வரியின் சாரம். இத்தனை பேரை நடுங்கவைத்தவரின் கதை அவருடைய பயத்திலிருந்து தொடங்குகிறது.

மொரனின் இரண்டாம் மனைவி ரோஸ் மேல் எனக்குத் தனி மரியாதை. நீ வருவதற்கு முன்பும் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம் என்று மொரன் ஒருநாள் எரிந்துவிழுகிறார். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. தான் இங்கே பயனற்றவள் என்றால் போய்விடுகிறேன் என்று நிதானமாகச் சொல்கிறாள். முதல்முறையாக மொரன் இறங்கி வருகிறார். 'தி டார்க்' நாவலின் தந்தையும் இவரும் ஒரே ஆள்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் முன்னவரை ஒரு மகன் அடி வாங்கிய உடம்போடு பார்த்தான். மொரனைப் பார்ப்பவர், அந்த மனிதர் ஏன் மற்றவர்களால் நேசிக்கப்பட்டார் என்ற புதிரை விடமுடியாத ஓர் ஐம்பது வயதுக்காரர். கோபம் தணியாமல் இந்த நாவலை எழுதியிருக்கவே முடியாது. ஓர் உபரித் தகவல்: மொரனோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறும் பழைய தோழரின் பெயர் மக்குவேட். பேராயரின் பெயரும் அதுவே. அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த நாவலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். 2002இல் வந்த 'தட் தே மே ஃபேஸ் தி ரைசிங் சன்' நாவலில் அத்தியாயப் பிரிவு இல்லை, கதை என்று சொல்லும்படி அதிகமில்லை. லண்டனிலிருந்து வந்து ஏரிக்கரையில் குடியேறிய ரட்லெஜ் தம்பதி, வம்பு கேட்காமல் தூக்கம் வராத பக்கத்து வீட்டு ஜேமிசி, தொடங்கிய கொட்டகையை முடிக்காமலே அலையும் தச்சர், ஆட்டுக்குட்டிகள், புல் அறுவடை. அதற்கிடையே ஒரு சம்பவம். ஜேமிசியின் அண்ணன் ஜானி, ஒரு பெண்ணின் பின்னால் இங்கிலாந்து போனவர், அங்கேயே தனியாளாகக் கிடப்பவர், ஒவ்வொரு கோடையிலும் ஊருக்கு வருவார். வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, நல்ல இறைச்சி வாங்கிவைத்து வரவேற்கிறார்கள். ஒருநாள் கடிதம் வருகிறது: வேலை போய்விட்டது, நிரந்தரமாக ஊருக்கே வந்துவிடட்டுமா? ஜேமிசிக்கும் மனைவி மேரிக்கும் தூக்கம் போகிறது. அவரைக் கூடவே வைத்துக்கொள்ள முடியாது, வராதே என்று சொல்லவும் முடியாது. பக்குவமாக மறுத்துக் கடிதம் எழுதும் பொறுப்பு ரட்லெஜ் தலையில் விழுகிறது. பிறகு ஒரு விடுமுறையில் ஜானி அதே ஊரில் இறக்கிறார். உடலைக் கழுவிக் கிடத்தும் வேலையும் ரட்லெஜ் கைக்கே வருகிறது. சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து எழும்படி தலையை மேற்கே வைத்துப் புதைக்கிறார்கள். தலைப்பு அங்கிருந்து வருகிறது. சவ அடக்கத்துக்குப் போக முடியாத அந்தப் பையனை நினைத்துக்கொண்டு இந்தப் பக்கங்களைப் படியுங்கள். ஒரு சாவின் ஒவ்வொரு சிறு வேலையையும் இம்முறை தன் கையாலேயே செய்து முடிக்கிறார்.

2005இல் 'மெம்வார்' என்ற தன்வரலாறு. அப்போது அவருக்கே புற்றுநோய். நாவல்களில் மாற்றி மாற்றி எழுதிய எல்லாமும் இதில் நேரடியாக, பெயரோடு வருகின்றன. 2006 மார்ச் 30 அன்று டப்ளினில் இறந்தார். ஆகவில்லனில் தாயின் அருகே புதைத்தார்கள். எப்போதோ நம்பிக்கை இழந்தவர், ஆனால் திருச்சபையின் மேல் வன்மம் இல்லை. அந்த ஏழைக் கிராமத்தில் அழகு, நிறம், இசை, சடங்கு என்றால் அது தேவாலயத்திலிருந்துதான் கிடைத்தது, அதற்கு நன்றி என்று எழுதினார். வேலையைப் பறித்த அமைப்பைப் பற்றி இப்படி எழுதியது பெருந்தன்மைக்காக என்று நான் நினைக்கவில்லை. உண்மை அப்படித்தான் இருந்தது, அதைக் குறைத்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. நகரம் அவர் கைக்கு வரவில்லை. டப்ளின் விடுதிகளில் நடக்கும் காதல் பேச்சுகள் பல இடங்களில் விறைப்பாக இருக்கின்றன. ஒரே தந்தை வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருவது, எல்லாவற்றையும் அடுத்தடுத்துப் படித்தால் அலுக்கும். அதனால் இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது.

தொடக்கத்துக்கு 'கொரியா', 'கோல்ட் வாட்ச்' இரண்டு கதைகளையும் படியுங்கள், ஒரு மாலைப்பொழுது போதும். பிடித்தால் நேரே 'அமங்ஸ்ட் விமென்'. அதிகம் போனால் இருநூறு பக்கம்தான். அதன் பிறகு 'தி பாரக்ஸ்'. ஏரிக்கரை நாவலான 'தட் தே மே ஃபேஸ் தி ரைசிங் சன்' படிக்கப் பொறுமை வேண்டும், முதல் ஐம்பது பக்கம் எதுவும் நடக்கவில்லையே என்று தோன்றும், விடாதீர்கள். தன்வரலாற்றை மட்டும் முதலில் எடுக்கவேண்டாம். எந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் நாவல்களில் துப்பறியத் தொடங்கிவிடுவீர்கள். 'தி டார்க்' கடைசியில் இருக்கட்டும், அதுவும் மனம் திடமாக இருக்கும் நாளில். இன்னொன்று: ஜான் வில்லியம்ஸ் எழுதிய 'ஸ்டோனர்' உங்களுக்குப் பிடித்த நாவல் என்றால், மறந்துபோயிருந்த அந்தப் புத்தகத்தின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் மெக்காஹெர்ன்தான். அந்த முன்னுரையையும் சேர்த்துப் படியுங்கள், இன்னொருவர் நாவலைப் பேசும் சாக்கில் தன் எழுத்துக்கு எது முக்கியம் என்பதையும் அவர் அதில் காட்டிக்கொடுத்திருக்கிறார்.